கண்ணை மூடாமல்

2016 செப்டெம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை காலை. ஹஜ்ஜுப் பெருநாளுக்காகப் புத்தளத்திலிருந்து வந்திருந்த தங்கையின் மகன், சோனகர் தெருவில் நாங்கள் மீளக் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் சீமெந்துப் படியில் குந்தியிருந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று அதைக் கவிழ்த்து வைத்தான்.

“என்னடா?”

“சீ.எம். பங்க் தோத்திட்டார் மாமா. இரண்டரை நிமிசம் கூட நிக்கல்ல.”

அவன் சிறுவனாக இருந்த காலத்தில் தொலைக்காட்சி மல்யுத்தம்தான் அவனுடைய உலகம். அது முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஆட்டம் என்பதைத் தெரிந்துகொண்ட பிறகும் அவனுக்கு அந்த மனிதரில் பிரியம் குறையவில்லை. சிக்காகோவில் பிறந்த அவர் 2014 ஜனவரியில் டபிள்யூ.டபிள்யூ.ஈ மேடையை விட்டு விலகினார். அந்த வருடக் கடைசியில், யூ.எஃப்.சி நிறுவனத்தின் கூண்டுக்குள் உண்மையாகவே சண்டையிடப் போவதாக அறிவித்தார். குத்து, உதை, பிடி எல்லாம் கலந்த சண்டை அது. அவருக்கு அப்போது வயது 36. அந்த வகைச் சண்டையில் ஒரு போட்டி அனுபவம்கூட இல்லை. மில்வோக்கி நகரின் பயிற்சிக் கூடமொன்றில் புதிய மாணவராகச் சேர்ந்தார். இடையில் முதுகில் சத்திரசிகிச்சையும் நடந்தது. கடைசியில் கிளீவ்லாந்து நகரில், 24 வயது மிக்கி கோல் என்ற இளைஞன் அவரைத் தரையில் வீழ்த்தி, பின்னாலிருந்து கழுத்தை இறுக்கினான். 2 நிமிடம் 14 விநாடியில் அவர் கையால் தட்டிச் சரணடைந்தார். மேடையில் அந்தத் தட்டல் எழுதி வைத்தபடி நடப்பது. இங்கே அது மூச்சு முட்டித் தட்டிய தட்டல்.

“காசுக்குத்தான் போயிருப்பார்,” என்றேன். ஐந்து இலட்சம் டொலர் கிடைத்ததாகப் பதிவாகியிருந்தது. வருடக்கணக்காகச் சிறிய கூண்டுகளில் பல்லுடைந்தவர்களுக்கு அந்த இடம் கிடைக்காமல் போனதே என்று குறைப்பட்டவர்களிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் அப்படிச் சொல்லி வாய் மூடுமுன்பே எனக்குப் பெரிய மாமாவின் முகம் வந்துவிட்டது.

பெரிய மாமா ஐந்து சந்திக்குக் கிட்ட தையற்கடை வைத்திருந்தார். அது பகற்தொழில். இரவில் மாப்பிள்ளை ஊர்வலம் என்றால் சிலம்படிக்கு அவர்தான். கம்பு சுழலும்போது பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில் கம்பு தெரியாது, ஒரு வட்டம்தான் தெரியும். கடைசி உருப்படி வாள். பத்து வயதுப் பையனான என்னை மல்லாத்திப் படுக்க வைத்து, வயிற்றில் வெள்ளரிக்காயை வைத்து, தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு வெட்டுவார். “பயப்படாத மருமகன், மூச்ச மட்டும் பெரிசா இழுக்காத” என்பார். வெள்ளரிக்காய் இரண்டாகும், சனம் ஆர்ப்பரிக்கும். துணியின் கீழ் விளிம்பால் அவருக்குப் பார்வை தெரியும் என்பது எங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்.

கடைச் சுவரில் பத்திரிகையில் வெட்டிய முஹம்மத் அலியின் படம் ஒட்டியிருந்தது. 1976 ஜூன் 26இல் தோக்கியோவில் அலியும் ஜப்பானிய மல்யுத்தக்காரர் அன்ரோனியோ இனோக்கியும் மோதிய கதையைத் துணி வெட்டிக்கொண்டே சொல்லுவார். பதினைந்து சுற்றும் இனோக்கி பெரும்பாலும் தரையில் கிடந்தபடி அலியின் காலுக்கே உதைத்தார். முடிவு சமநிலை. அலியின் கால் வீங்கிப் பின்னர் வைத்தியம் செய்ய வேண்டி வந்தது. அது ஏமாற்று வேலை என்று ஒருவர் கடையில் சொன்னபோது மாமா கேட்டார்: “அளவெடுத்துத் தைச்ச சண்டையெண்டா இவ்வளவு அலுப்பாவா இருக்கும்?” மேடைக்காரனுக்குத்தான் அந்த வித்தியாசம் படும்.

1982இல் நகரத்தில் கராத்தே வகுப்பொன்று தொடங்கியது. மாமாவுக்கு 37 வயது. ஒருவருக்கும் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். வெள்ளை உடுப்பைத் தானே தைத்துக்கொண்டார். வகுப்பிலிருந்த மற்றவர்கள் பள்ளிக்கூடப் பெடியன்கள். முதல் முறை சோடி சேர்த்து மோத விட்டபோது, பதினாறு வயதுப் பெடியனின் குத்து மாமாவின் விலாவில் இறங்கியது. தடுப்பதற்குக் கையெடுக்கவேயில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றார்.

இதை ஜன்னலால் பார்த்தவன் நான். ஊர்வலத்தில் எதிராளியின் கம்பு எப்போது எங்கே வருமென்பது அவருக்கு மனப்பாடம். அது தோலில் படாமல் நிற்கும் என்பதும் தெரியும். இருபது வருடம் அந்த நம்பிக்கையில் பழகிய உடம்பு அது. ஒரு குத்து உண்மையாகவே வருகிறது என்பதை அந்த உடம்பு ஒப்புக்கொள்ள மறுத்தது என்று இன்று எழுதுகிறேன். அன்று நான் சிரித்தேன். சிரித்ததோடு விடவில்லை. ஜின்னா மைதானத்தில் கூட்டாளிகளுக்கு நடித்தும் காட்டினேன், கண்ணை மூடி, வாயைக் கோணி. தெரு முழுதும் அந்த நடிப்பு பரவியது. “என்ன காக்கா, கண்கட்டு வித்தையோ?” என்று கடைக்கு வந்தவர்கள் கேட்டார்கள். மூன்று மாதம் போனவர் நிறுத்திவிட்டார். என்னை ஒரு சொல் ஏசவில்லை. அடுத்த ஊர்வலத்தில் வெள்ளரிக்காய்க்கு வேறொரு பையனைப் படுக்க வைத்தார்.

இதற்கு எதிர்த் திசையில் நடந்தவர்களும் உண்டு. கலப்புச் சண்டைக் கூண்டிலிருந்த ரித்திகா சிங்கைச் சுதா கொங்கரா கூட்டிவந்து ‘இறுதிச்சுற்று’ படத்தில் நடிக்க வைத்தார். 2016இல் வந்த அந்தப் படத்துக்காகத் தேசிய விருதில் அவருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தது. சண்டைக்காரி நடிப்புக்குப் புதிதாக வந்தால் கைதட்டுகிறோம். நடிகன் சண்டைக்குப் புதிதாக வந்தால் பல் தெரியச் சிரிக்கிறோம். ஏனென்று எனக்குப் பிடிபடவில்லை.

1990 ஒக்டோபர் 30இல் எங்களுக்குக் கிடைத்தது இரண்டு மணித்தியாலம். தையல் இயந்திரம், வாள், அந்த வெள்ளை உடுப்பு எல்லாம் இங்கேயே கிடந்தன. 45 வயதில் மாமா புத்தளத்து உப்பளத்தில் கூலிக்கு இறங்கினார். அங்கேயும் எல்லோரும் அவரிலும் இளையவர்கள், அவர்தான் புதியவர். பாதம் வெடித்து உப்பு ஏறி, இரவில் முகாம் கிடுகுக் கொட்டிலில் முனகுவார். காலையில் திரும்பப் போவார். அப்போது நான் சிரிக்கவில்லை.

“ரெண்டாவது சண்டைக்கும் போவாரோ?” என்று அன்று மருமகன் கேட்டான். போனார். 2018 ஜூனில், தன் சொந்த ஊரான சிக்காகோவில், மைக் ஜக்சனோடு மூன்று சுற்றும் அடி வாங்கியபடி கடைசி மணி வரை நின்றார். நடுவர் தீர்ப்பு எதிராளிக்கு. பிற்பாடு அது முடிவற்ற போட்டி என்று மாற்றப்பட்டது வேறு கதை. 2021இல் பழைய மேடைக்கே திரும்பிவிட்டார்.

அன்று அவனுக்குப் பதில் சொல்லாமல், முகாமில் பார்த்த ஒன்றைச் சொன்னேன். அஸர் தொழுகைக்குப் பிறகு மாமா சின்னப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைப்பார். கம்பு கொடுக்க மாட்டார். வெட்டுத்துணியை உருண்டையாகக் கட்டி ஒவ்வொரு பிள்ளையின் முகத்துக்கும் எறிவார். பிள்ளைகள் கண்ணை மூடும். பொறுக்கி எடுத்துத் திரும்பவும் எறிவார்.

“மூடாத வாப்பா, மூடாத. வாறத பாரு.”

ஒரு நாள் உருண்டை என் பக்கமும் வந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. மூடிவிட்டேன். மாமா அதைப் பார்த்தார், சிரிக்கவில்லை.