பிறர் பொறியும் தம் ஓட்டமும்

காத்திவாக்கத்து வாழும் எமக்கு மோட்டார் வண்டி விளையாட்டுப் பொருளன்று, சோறளிக்கும் பொருள். எண்ணூர் ஆலைகளின் சங்கொலியே எம் தெருவார்க்கு நாழிகைக் கணக்கு. எனினும், மேற்கேயுள்ள சோழவரத்தில், பழைய போர்க்கால விமானத் தளத்தில் நிகழ்ந்த பந்தயங்களைப் பெரியோர் சொல்லக் கேட்டு வளர்ந்தோம்.

அக்களத்திற் புகழெய்தியவர் கோயமுத்தூர் சுந்தரம் கரிவரதன். மாருதி 800 காரின் பொறியைக் கொண்டு, ‘பார்முலா மாருதி’ என்னும் ஓராசனப் பந்தய வண்டியைச் சமைத்தார். பொறி கம்பெனியினது, உருவும் துணிவும் அவருடையன. 1995-இல் விமான விபத்தில் மாண்டார். அவ்வகை வண்டியிற் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஜோர்டான் அணியிற் சேர்ந்து, பார்முலா ஒன் பந்தயம் புக்க முதல் இந்தியரானார்.

ஜோர்டானும் தனியணியே. 1991 முதல் போர்டு, யமஹா, ஹார்ட், பெஜோ, ஹோண்டா, டொயோட்டா எனப் பிறர் பொறிகளையே பூட்டி ஓடிற்று, வெற்றியும் கண்டது. ஆயினும் 2005-ஆம் ஆண்டோடு அப்பெயர் பந்தயக் களத்தினின்று மறைந்தது.

உபகாரச் சம்பளத்தாற் கற்கும் எம்மனோர்க்கு இஃது அயலார் கதையன்று. ஈவோர் கை மடங்கின் எம் ஓட்டமும் நிற்கும் என்னும் அச்சம் எமக்குண்டு. ஆயினும் நண்பர்காள், பொறி பிறரதாயினும் வண்டியைச் சமைக்குங் கை நம்முடையதன்றோ! அக்கையைப் பழக்குதலே மாணவப் பருவத்தின் பயன்.