விருந்தாளி போன பிறகு

'சர்வதேச ஒத்துழைப்பு' என்ற தலைப்பைப் பத்திரிகையில் கண்டால் பக்கத்தைப் புரட்டிவிடும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. கூடவே ஒரு புகைப்படம் இருக்கும். அதில் இரண்டு பேர் கைகுலுக்கிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். இருவரும் காமிராவையே பார்ப்பார்கள். அதற்குக் கீழே கோடிக் கணக்கில் ஒரு தொகை. அப்புறம் அந்தக் கை என்ன ஆயிற்று, அந்தக் கோடி எந்தத் தெருவுக்குள் நுழைந்தது என்பதை யாரும் எழுதுவதில்லை.

அப்படிப்பட்ட நான் அந்த விஷயத்தைப் பற்றியே எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அக்கா மகளின் கல்யாணம்.

"காஞ்சிபுரம் போனால் கடைக்காரனைத்தான் பார்க்கலாம். சேவூருக்குப் போனால் நெய்கிறவனையே பார்க்கலாம்" என்று அக்கா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். கல்யாணப் பெண்ணையும் என்னையும் ஒரு பங்குனி மாதத்து வெயிலில் ஆரணிக்குப் பஸ் ஏற்றியும் விட்டாள். அக்காவின் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.

சேவூர் ஆரணியை ஒட்டிய ஊர். பஸ்ஸை விட்டு இறங்கித் தெருவில் நாலு அடி வைத்தால் கண்ணுக்கு முன்னால் காதுக்குத்தான் ஊர் தெரிகிறது. வீட்டுக்கு வீடு தறி. ஒரு வீட்டுத் தறி நிற்கும்போது எதிர் வீட்டுத் தறி அடிக்கிறது. பேசிக்கொண்டிருக்கும் இரண்டு கிழவிகளைப் போல, ஒன்றுக்கொன்று இடம் விட்டு, ஆனால் இரண்டும் ஓயாமல்.

எங்களுக்குச் சொல்லிவிட்டிருந்த வீட்டில் ஒரு பெரியவர் குழித்தறியில் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. "குந்துங்க சார்" என்று பாயைக் காட்டினார். சேலைகளை விரித்துக் காட்டியது அவருடைய மருமகள். பெண் நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விலை பார்த்துக்கொண்டிருந்தேன். இருவருக்கும் ஒத்து வரவில்லை. அந்த இடைவெளியில் பெரியவர் என்னை ஒரு வேடிக்கைக்கு அழைத்தார்.

"கண்ண மூடிக்கினு கைய நீட்டுங்க சார்."

நீட்டினேன். விரல்களுக்கிடையே ஒரு சிட்டம் நூலை ஓட்டினார். அங்கங்கே நெருடிற்று. மெல்லிய முடிச்சுப் போலவும், ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்தாற் போலவும் இருந்தது. பிறகு வேறொரு சிட்டம். இது தடையில்லாமல் ஓடிற்று.

"மொதல்ல கொடுத்தது எங்க அப்பா காலத்து நூலு. பொட்டியில வெச்சிருக்கேன், இந்த மாதிரி வர்றவங்களுக்குக் காட்டறதுக்கு. அந்த நூல வெச்சு பாவு போட்டா ஒரு நாளைக்கு எத்தனை தடவை அறுந்துது, எத்தனை தடவை சேர்த்தோம்னு கணக்கே கெடையாது. ரெண்டாவது இப்ப வர்றது."

"சீனத்துப் பட்டா?" என்றேன், தெரிந்தவன் போல.

அவர் சிரித்தார். "எல்லாரும் இதத்தான் கேக்கறாங்க. நடுவுல ரொம்ப வருஷம் பாவுக்குச் சீனா நூலத்தான் தேடுவோம். இது தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கூடு சார். ஆனா அந்தப் புழுவுக்குப் பாட்டன் ஜப்பான்ல இருக்கான்னு சொல்றாங்க."

புழுவின் வம்சாவளி எனக்குச் சுவாரஸ்யமாக இருந்தது. ஊருக்குத் திரும்பிய பின் புத்தகங்களைப் புரட்டினேன். பெரியவர் சொன்னது மெய்தான்.

நம் தென்னாட்டில் திப்பு சுல்தான் காலத்திலிருந்து பட்டுப்புழு வளர்த்து வருகிறார்கள். ஆனால் நம்முடைய பழைய புழு வெயிலுக்குப் பழகிய முரட்டுப் புழு. வருஷம் முழுதும் தலைமுறை தலைமுறையாகப் பெருகும். கூடு மட்டும் சின்னது, இழை குட்டை. வருஷத்துக்கு இரண்டே தலைமுறை காணும் குளிர்நாட்டுப் புழுவோ வெள்ளை வெளேரென்று கெட்டியான கூடு கட்டும். அதன் ஒரே கூட்டிலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேலும் இழை ஓடி வரும். ஆனால் அது சுகவாசி. 25 டிகிரிச் சூடு வேண்டும். காற்றில் ஈரம் வேண்டும். இலை தளதளவென்று இருக்க வேண்டும். இந்த மண்ணின் வெயிலில் அதை வருஷம் பூராவும் வளர்ப்பது ஆகாத காரியம் என்றே நெடுநாள் நினைத்திருந்தார்கள்.

ஜம்ஷெட்ஜி டாட்டா 1893-ல் ஜப்பானைப் பார்த்துவிட்டு வந்து, பெங்களூர் பஸவனகுடியில் ஒரு பட்டுப் பண்ணை ஆரம்பித்தார். கற்றுக்கொடுக்க ஜப்பானியத் தம்பதிகளை வரவழைத்தார். 1910-ல் அந்தப் பண்ணை ரட்சணிய சேனையின் கைக்குப் போயிற்று. இதே மாதிரி சயாம் தேசமும் 1902-ல் ஜப்பானிய நிபுணர்களை அழைத்தது. அப்படிப் போனவர்களில் தோயாமா என்ற விஞ்ஞானி ஒருவர். அங்கே புழு இனங்களைக் கலந்து பார்த்த அனுபவத்தோடு ஊர் திரும்பி, இரண்டு இனங்களைக் கலந்தால் பிறக்கும் முதல் தலைமுறை தாய் தகப்பனைவிடத் திடமாக இருக்கும் என்று 1906-ல் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு ஜப்பான் எங்கேயோ போய்விட்டது. சயாமின் பட்டுத் திட்டமோ சில வருஷங்களில் வாடிவிட்டது. கற்றுக்கொடுக்கப் போனவன் கற்றுக்கொண்டு வந்தான். கற்றுக்கொள்ள அழைத்தவன் கையில் ஒன்றும் நிற்கவில்லை. இந்த விந்தையை யோசித்துக்கொண்டே நான் அன்றிரவு இரண்டாவது காப்பியைக் குடித்தேன்.

நமக்கு நடந்த கதை வேறு. 1989-ல் உலக வங்கியும் சுவிட்சர்லாந்தும் நம் தேசியப் பட்டு வளர்ப்புத் திட்டத்துக்குக் கை கொடுத்தன. 1991-ல் ஜப்பானின் சர்வதேச ஒத்துழைப்பு முகமை, மத்தியப் பட்டு வாரியத்தோடு சேர்ந்து மைசூரில் வேலையைத் தொடங்கியது. என்னைக் கவர்ந்தது அதன் பொறுமை. முதல் ஆறு வருஷம் ஆராய்ச்சிச் சாலைக்குள்ளேயே கழிந்தது. ஜப்பானியக் கலப்பினங்களையும் வைத்துக்கொண்டு, இந்த வெயிலில் தாக்குப்பிடிக்கும் வெண்கூட்டுப் புழுவை நம் விஞ்ஞானிகளும் அவர்களுமாக உருவாக்கினார்கள். மைசூர் நிலையம் வி-1 என்ற மல்பெரி ரகத்தையும் அந்தச் சமயத்தில்தான் வெளியிட்டது. அடுத்த ஐந்து வருஷம், 2002 வரை, கர்நாடகம், ஆந்திரம், தமிழ்நாடு மூன்றிலும் குடியானவர் வீடுகளில் அதை வளர்த்துப் பார்த்தார்கள். பின் ஐந்து வருஷம் அதைப் பரப்பினார்கள். 2007-ல் விருந்தாளிகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பதினாறு வருஷம்! நம் வீட்டில் சம்பந்தி கூட அத்தனை நாள் பொறுமையாக இருந்ததில்லை.

விருந்தாளி போன பிறகு வீட்டில் என்ன மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட எனக்கு ஆசை. சேவூர்ப் பெரியவரின் தங்கை மகன் கிருஷ்ணகிரிப் பக்கத்தில் புழு வளர்ப்பதாகப் பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தார். விலாசம் வாங்கிக்கொண்டு போனேன்.

வீட்டைவிடப் புழு வளர்ப்பு மனை உயரமாகவும் சுத்தமாகவும் இருந்தது. வாசலிலே மருந்து நீரில் காலை நனைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். கோயிலுக்குள் நுழைகிறாற் போல இருந்தது. இந்தச் சுத்தத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1860-களில் பிரான்ஸ் தேசத்துப் புழுக்களைக் கொள்ளை நோய் வாரிக்கொண்டு போனபோது, லூயி பாஸ்டர்தான் தாய் அந்துப்பூச்சியைப் பூதக்கண்ணாடியில் சோதித்து நல்ல முட்டையைப் பிரித்தெடுக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த நாளில் முட்டைக்காகப் பிரெஞ்சுக்காரர்கள் ஓடிய இடம் ஜப்பான். நூல் நூற்கும் யந்திரத்துக்காக ஜப்பான் அழைத்தது பிரெஞ்சுக்காரரை. 1872-ல் தொமியோகா ஆலை அப்படித்தான் எழுந்தது. இன்று நம்மூரில் ஒருவர் காலை நனைத்துக்கொண்டு நுழைகிற அந்த வாசலில் எத்தனை தேசத்து மனிதர்கள் நிற்கிறார்கள் பாருங்கள்.

உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். இலைகளைக் கிளையோடு வெட்டிப் பரப்பியிருந்தார்கள். ஆயிரக்கணக்கான வாய்கள் இலையைத் தின்னும் ஓசை, ஓட்டுக் கூரையில் தூறல் விழுகிற மாதிரி கேட்டது. அந்த இளைஞர் கணக்கெல்லாம் சொன்னார். நூறு முட்டைத் தொகுதிக்கு நல்ல காலத்தில் 70 கிலோ கூடு. ஒரு கிலோ பட்டுக்கு 6, 7 கிலோ கூடு போதும். ஆனால் எனக்கு மனத்தில் தைத்தது அவருடைய அம்மா சொன்னதுதான்.

"முன்னே மூங்கில் தட்டுல வளர்ப்போம் ஐயா. இலையை ஒவ்வொண்ணாக் கிள்ளிப் போடணும். கழிவைத் தெனமும் எடுக்கணும். ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு இலை போடணும். பொம்பளைங்கதானே அதெல்லாம்! இப்ப தண்டோட வெட்டிப் போட்டா, தட்டை மாத்தற வேலையே இல்லை. ஜப்பான்காரங்க வந்து எனக்கு ராத்தூக்கம் கொடுத்துட்டுப் போனாங்க."

எந்த அறிக்கையிலும் இந்த வரி இருக்காது. இருந்திருந்தால் நான் பக்கத்தைப் புரட்டியிருக்க மாட்டேன்.

இளைஞர் முகம் மட்டும் அவ்வளவு மலர்ச்சியாக இல்லை. 2024-ம் வருஷக் கோடையில் ஒரு வளர்ப்பு முழுதும் அவருக்குப் போய்விட்டது. கூடு கட்ட நாலு நாள் இருக்கும்போது புழுக்கள் தின்பதை நிறுத்தின. உடல் தளர்ந்து கறுத்தன. குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டு மூடினார்களாம். "ஈரச் சாக்குத் தொங்க விட்டோம், விசிறி வெச்சோம். சாக்கை நனைக்கவே தண்ணி பத்தலை. 2017-ல இந்தத் தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அறிவிச்சாங்களே, அப்பக்கூடத் தோட்டந்தான் காஞ்சது, சொட்டு நீர் போட்டுச் சமாளிச்சோம். சூடு இப்படி உள்ளே வந்து அடிக்கலை" என்றார்.

"யாரையாவது கேட்டீர்களா?"

"துறையில வந்து பாத்தாங்க. ஜப்பான்காரங்க ஊர்ல இந்தச் சூடே கெடையாதே சார், அவங்களைக் கேட்டு என்ன பண்றது?"

ரொம்ப நியாயமான பதில். ஜப்பானைக் கேட்கவும் இப்போது அதிகம் பேர் இல்லை. 1929-ல் அங்கே 22 லட்சம் குடும்பங்கள் புழு வளர்த்தன; இன்று சில நூறுக்கும் கீழே போய்விட்டது. கொடுத்த வீட்டில் அடுப்பு அணைந்துகொண்டிருக்கிறது; வாங்கிய வீட்டில் எரிகிறது. பட்டு வளர்ப்புக்கான சர்வதேச ஆணையம் என்று ஒன்று, 1948-ல் பிரான்ஸில் பிறந்தது. அதுவே 2013-ல் பெங்களூருக்குக் குடி வந்துவிட்டது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் இப்போது மைசூருக்குக் கற்றுக்கொள்ள வருகிறார்கள். ஆகவே, அதிக வெயிலில் புழுவைக் காப்பாற்றும் வித்தையை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. வெப்பம் தாங்கும் இனங்களுக்கான ஆராய்ச்சி நடக்கிறது. இவரும் தம் மட்டில் ஏதோ செய்துகொண்டிருந்தார். கூரைக்கு மேல் தென்னங்கீற்றால் இன்னொரு கூரை. மனையைச் சுற்றி வேம்பு. சித்திரை மாதம் வளர்ப்பே கிடையாது என்று ஒரு தீர்மானம். ஒரு மாதம் வருமானத்தை விட்டுக்கொடுக்கும் தீர்மானம் அது. அதைச் சொல்லும்போது அவருடைய அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

சேலையை வாங்கிக்கொண்டு வர வைகாசியில் மறுபடியும் சேவூர் போனேன். கிருஷ்ணகிரியில் பார்த்ததையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே தறிக்குழிக்குப் பக்கத்தில் தரையில் தண்ணீர் தெளித்தார். அனல் காற்று அடித்தால் நல்ல நூலும் முறுகி அறுந்துவிடுமாம்.

"நூலு நல்லா வருது சார், அதுல பொய் இல்ல. இழை சேர்க்கற நேரம் மிச்சம். ஒரு சேலைக்கு ஒண்ணு ரெண்டு நாள் கொறையுது. ஆனா பட்டு வெலை ஏறுது, சரிகை வெலை ஏறுது, கூலி மட்டும் நடந்து வருது. எம் பையன் ஆரணியில கடையில நிக்கறான். அவனுக்கு இந்த நூலத் தொட்டாத் தெரியாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஜப்பானிலிருந்து புறப்பட்டது மைசூருக்கு வந்தது. மைசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வந்தது. ஒரு தாய்க்குத் தூக்கமாயிற்று. அங்கிருந்து சேவூர் வரைக்கும் நூல் வந்துவிட்டது. நூலின் லாபம் முழுதாக வந்து சேரவில்லை. அதற்கு வெளிநாட்டுக்காரர் யாரும் பொறுப்பில்லை. வழி நெடுக நின்றது நாம்தாம்.

பெரியவர் சேலையை மடித்துக் கொடுத்தார். விலையில் நான் பேரம் பேசவில்லை. வீட்டுக்கு வந்து அக்காவிடம் விலையைச் சொன்னதும், "உன்னைப் போய் அனுப்பினேனே!" என்றாள்.

கல்யாணத்தன்று முகூர்த்த நேரத்தில் என் கைப்பேசியில் ஒரு படம் வந்து விழுந்தது. கிருஷ்ணகிரி இளைஞர் அனுப்பியிருந்தார். தட்டு நிறைய வெண்கூடு. கீழே, 'கோடைக்கு அப்புறம் முதல் வளர்ப்பு, 64 கிலோ' என்று எழுதியிருந்தது. மேளச் சத்தத்தில் பெண்ணின் காதருகே குனிந்து காட்டினேன்.

"என்ன மாமா இது, முட்டையா?" என்றாள்.

"உன் சேலைக்குத் தங்கச்சி" என்றேன்.