அட்டையில் பிறக்கும் பை

மும்பை தாராவியில் தோல் பை முதலில் அட்டையில்தான் பிறக்கிறது. 90 அடி ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், நெல்லைச் சீமைக் குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை அண்ணாச்சி ஒருவரின் பட்டறையில் அதைப் பார்த்தேன். அட்டையை வெட்டுகிறார், மடித்துப் பார்க்கிறார், பிரித்து மறுபடி வெட்டுகிறார். அளவு அமைந்த பிறகே தோலில் கத்தி வைக்கிறார். ஓரத்தைச் சீவி, பசை தடவி, மடித்துச் சுத்தியலால் தட்டிய பின்தான் தையல். சீவாவிட்டால் மடிப்பு தடித்துப்போகும். கூடுதலாகச் சீவினால் தையல் பிய்ந்துவிடும்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தென்தமிழகத்திலிருந்து வந்தவர்கள் இங்கே தோல் பதனிடும் தொழிலை வளர்த்தார்கள். பதனிடும் வேலை பெரும்பாலும் வெளியேறிவிட்டது. வெட்டும் கையும் தைக்கும் கையும் இன்னும் இங்கேதான்.

அண்ணாச்சி தன் செல்போனைக் காட்டினார். அவர் உருவாக்கிய தோள் பையின் படம், ஒரு ஆன்லைன் சந்தையில், வேறொரு விற்பனையாளரின் பெயரில். விலை பாதிக்கும் கீழே. அனுப்புவதோ ரெக்சின் பை.

“பின்னாடி தெரியுதே தம்பி, அது எங்க செவுரு. அதைக்கூட வெட்டல. புகார் பண்ணினா, டிசைன் ரெஜிஸ்டர் நம்பர் இருக்கான்னு கேக்காங்க.”

அந்த ரெக்சின் பையைத் தைத்ததும் பக்கத்துச் சந்துதான். செல்போனில் படத்தைக் காட்டி ‘இதே மாதிரி’ என்று ஆர்டர் கொடுப்பவரை, பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர் எப்படி மறுப்பார்? திருடியவர் எங்கோ இருக்க, நஷ்டமும் குறைந்த கூலியும் தாராவிக்கே வந்து சேர்கின்றன.

கோலாப்பூர் செருப்புக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2025 ஜூனில் பிராடா நிறுவனம் அதே சாயல் செருப்பை மிலான் மேடையில் ஏற்றியபோது நாடே கண்டித்தது; அது இந்தியக் கைவினையிலிருந்து வந்ததென்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. தனி ஒருவர் உருவாக்கிய பைக்கு அப்படிக் குரல் கொடுக்க ஆளில்லை.

சட்டம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டப்படி பதிவு செய்தால் 10 ஆண்டு உரிமை, மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். ஆனால் வடிவத்தை வெளியிடும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். படத்தைப் போட்ட பிறகு போனால் புதுமை போய்விட்டது என்பார்கள். பதியாமல் 50க்கு மேல் தொழில்முறையில் தயாரித்துவிட்டால், வடிவத்தின் மீதான பதிப்புரிமையும் போய்விடும். நாம் எடுத்த புகைப்படத்தின் உரிமை மட்டும் பதிவில்லாமலே நமக்குண்டு. படத்தை அப்படியே எடுத்துப் போட்டவர் மீது அதை வைத்தே புகார் செய்யலாம்.

விண்ணப்பம் வாங்கும் அலுவலகம் மாட்டுங்காவுக்குக் கிழக்கே ஆன்டாப் ஹில்லில் இருக்கிறது. தாராவியிலிருந்து அதிகத் தூரமில்லை. இதையெல்லாம் அண்ணாச்சிக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

ஆன்லைன் சந்தைகள் பதிவு எண் கேட்டுக் கைகழுவக் கூடாது. மூலப் படத்தைக் காட்டுகிறவரின் புகாரை விசாரித்து, திருடிய பக்கத்தை நீக்க வேண்டும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் இருக்கும் தமிழ் வழக்கறிஞர்களுக்கும் கணக்காளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: மாதத்தில் ஒரு ஞாயிறு தாராவிக்கு வாருங்கள். அடுத்த பையின் படம் வெளியாகும் முன்பே அதன் விண்ணப்பத்தை எழுதிக் கொடுங்கள்.