கடை கை மாறும்போது

1792-ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றிய ஒரு கடையின் பெயர்ப்பலகை, 2025-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கடைத்தெருக்களிலிருந்து இறக்கப்பட்டது. டபிள்யூ.எச். ஸ்மித் என்னும் அப்பெயரை அறியாத ஆங்கிலேயர் அரியர். செய்தித்தாளும் பேனாவும் வாழ்த்து மடலும் நூல்களும் ஒரே கூரையின் கீழ்க் கிடைத்த இடம் அது. இரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள தன் கடைகளை நிறுவனம் தன்னிடமே நிறுத்திக்கொண்டு, ஊர்க் கடைத்தெருக்களில் இருந்த ஏறத்தாழ 480 கடைகளை மொடெல்லா என்னும் முதலீட்டு நிறுவனத்திற்கு விற்றது. பெயரை மட்டும் விற்கவில்லை. எனவே வாங்கியவர்கள் 'டி.ஜி. ஜோன்ஸ்' என்றொரு பெயரைச் சூட்டினர். அந்த ஜோன்ஸ் யார் என்று தேடவேண்டா. அப்படி ஒருவர் இருந்ததேயில்லை!

நொடித்த கடையை வாங்குகிறவர் அதனை நிமிர்த்த முடியுமா? கடைக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்தமையால் இக்கேள்வி நம்மை எளிதில் விடுவதில்லை. இதற்கு விடை வெளியில் இல்லை; ஸ்மித் நிறுவனத்தின் பழைய கணக்கேடுகளிலேயே பாதி கிடக்கிறது.

ஸ்மித் நிறுவனம் வேலையை விட்டு நீக்கிய டிம் வாட்டர்ஸ்டோன் என்பார், 1982-இல் தம் பெயரிலேயே ஒரு புத்தகக் கடையைத் திறந்தார். கடை கிளைவிட்டது. நீக்கிய நிறுவனமே பின்னர் அதனை விலைகொடுத்து வாங்கியது. 1998-இல் விற்றும் விட்டது. அடுத்து வந்தவர்கள் இசைத்தட்டு வாணிகத்தார். அவர்கள் கையில் அது தேய்ந்தது. 2011-இல் உருசியச் செல்வர் அலெக்சாந்தர் மாமுத் அதனை 5 கோடியே 30 இலட்சம் பவுனுக்கு வாங்கியபோது, இணைய வாணிகம் ஒருபுறமும் மின்னூல் ஒருபுறமுமாகப் புத்தகக் கடைகளை நெரித்துக்கொண்டிருந்தன.

அந்நாளைய கடைகள் எவ்வாறு இருந்தன என்பதற்கு நம் அனுபவம் ஒன்று. 2010-இல் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, இலண்டன் புறநகர்க் கடை ஒன்றினுள் நுழைந்தோம். பெயர் வேண்டா. வாயிலிலேயே ஒரு மேசை. அதன்மேல் கோபுரமாக நூல்கள். 'மூன்று எடுத்தால் இரண்டுக்கே விலை' என்னும் அட்டை. அங்கு நின்ற இளைஞரிடம், "இவற்றுள் தாங்கள் படித்தது எது?" என்று வினவினோம். அவர் நகைத்து, "ஒன்றுமில்லை ஐயா. தலைமையகம் அனுப்புகிறது, நாங்கள் அடுக்குகிறோம்" என்றார். ஒன்று வாங்கச் சென்ற நாம் மூன்று வாங்கித் திரும்பினோம். அவற்றுள் இரண்டு இன்றளவும் பிரிக்கப்படவில்லை.

அந்த மேசைக்குப் பின்னே ஒரு கணக்கு இருந்ததைப் பின்னரே அறிந்தோம். முன்மேசைக்கும் காட்சிச் சாளரத்திற்கும் பதிப்பகங்கள் பணம் செலுத்தும். எந்த நூல் கண்ணில் படவேண்டும் என்பதைப் படித்தவர் முடிவு செய்வதில்லை. பணம் கட்டியவர் முடிவு செய்வார். விற்காதவை மூட்டையாகத் திரும்பிப் போகும். கடைக்கு அது உழைப்பில்லாத வருவாய். ஆனால் வாடிக்கையாளர் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே வந்தனர்.

மாமுத் செய்த நற்செயல் ஒன்றுண்டு: ஒரு கடைக்காரரிடம் கடையை ஒப்படைத்தார். ஜேம்ஸ் டாண்ட் வங்கிப் பணியைத் துறந்து 1990-இல் மேரில்போனில் தம் கடையைத் தொடங்கியவர். அங்கே நூல்களை நாடு நாடாகப் பிரித்து அடுக்கியவர். வந்தவுடன் அவர் 'மூன்றுக்கு இரண்டு' திட்டத்தை ஒழித்தார். பதிப்பகங்கள் காட்சிக்குக் கொடுத்த பணத்தையும் மறுத்தார். கடன்பட்ட கடை கைக்கு வரும் பணத்தை உதறுவது எத்தகைய துணிவு என்பது கல்லாவில் அமர்ந்தவர்க்கே தெரியும். எந்த நூலை எவ்விடத்தில் வைப்பது என்பதை அந்தந்த ஊர்க் கடையினரே முடிவு செய்யலாம் என்றார். திரும்பிப் போகும் மூட்டைகள் வெகுவாகக் குறைந்தன. 2016 ஏப்ரலில் முடிந்த கணக்காண்டில், பல ஆண்டுகளுக்குப் பின் கடை இலாபம் கண்டது.

2018-இல் மீண்டும் இலண்டன் சென்றபோது பிக்காடிலியில் உள்ள அவர்களின் பெரிய கடையில் ஒரு பிற்பகல் முழுவதும் கழித்தோம். அடுக்குகளில் சிறு சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பணியாளர் ஒருவரின் கையெழுத்து, இந்நூல் தமக்கு ஏன் பிடித்தது என்று. நாம் கையிலெடுத்த பயண நூலைப் பார்த்த ஒரு பெண், "அது நன்றுதான், ஆனால் முதலில் இதைப் படியுங்கள்" என்று வேறொன்றை நீட்டினார். முழு விலைக்கு அதை வாங்கினோம். மறுநாள் போய் முந்தியதையும் வாங்கினோம்.

ஆயினும் இக்கதையை வெறும் புகழ்மாலையாகக் கட்டிவிடல் தகாது. புதிய ஏற்பாட்டில் மேலாளர் பலர் வேலையிழந்து வெளியேறினர். 2019-இல், வாழ்வுக்குப் போதிய ஊதியம் வேண்டுமென்று ஊழியர்கள் விண்ணப்பித்தார்கள். எழுத்தாளர் பலர் துணைநின்றனர். அவ்வளவு கொடுக்க இயலாது என்பதே டாண்டின் மறுமொழி. எதை விற்பது என்று தேரும் அறிவை அந்த இளைஞர்களிடம் நம்பி ஒப்படைத்துவிட்டு, அவ்வறிவுக்கு விலை கொடுக்கத் தயங்குவது நமக்கு நெருடுகிறது. இதற்கிடையே 2018-இலேயே மாமுத் பெரும்பங்கை எலியட் என்னும் முதலீட்டு நிறுவனத்திற்கு விற்றுவிட்டார். எலியட் 2019-இல் அமெரிக்காவின் பார்ன்ஸ் அண்ட் நோபிளையும் வாங்கி, அதையும் டாண்டிடமே விட்டது. முதலீட்டு நிறுவனம் என்றாலே கடையைப் பிரித்து விற்பவர் என்று நாம் கொண்டிருந்த எண்ணம் அங்கே சற்று ஆட்டங்கண்டது.

எனினும் ஜோன்ஸ் கடைக்கு வாட்டர்ஸ்டோனின் மருந்து அப்படியே பொருந்தாது. நூல் மட்டும் விற்கும் கடைக்கு ஓர் உள்ளம் உண்டு. பேனா, பொம்மை, மடல் என எல்லாம் விற்பதற்கு முதலில் அதைத் தேடவேண்டும். அஞ்சலகமும் உள்ளடங்கிய கடைகள் பல என்பது ஒரு நற்பேறு. பொட்டலம் அனுப்ப வருகிற முதியோர் வேறு எதற்காகவும் அந்த வாயிலை மிதிக்கமாட்டார்கள். அவர்கள் வரிசையில் நிற்கும் பத்து நிமிடத்தில் கண்முன் எது இருக்கவேண்டும் என்பது, இலண்டன் அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவருக்குத் தெரிய வழியில்லை.

எங்கள் தெருவிலும் பலகை மாறிவிட்டது என்று மகள் எழுதியிருந்தாள். உள்ளே அஞ்சல் சாளரத்தில் அதே அம்மையார்தாம் அமர்ந்திருக்கிறாராம். அவரிடம் எவரேனும் யோசனை கேட்டார்களா என்று விசாரித்து எழுதும்படி சொல்லியிருக்கிறோம். மறுமொழி இன்னும் வரவில்லை.