கேம் செட்டிங்ஸும் அப்பாவின் மிளகாய்த் தோட்டமும்

"அம்மா, போன் கொதிக்குது. கேம் திக்கித் திக்கி ஓடுது. புது போன் வாங்கித் தாங்க!"

2025 கோடை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் காலையும் மாலையும் கேட்ட வசனம் இது. உத்தரகோசமங்கையில் எங்கள் வீட்டின் முன்பகுதி ஓடு, பின்பகுதி தகர ஷீட். மே மாத மதியத்தில் அந்த ஷீட்டுக்குக் கீழே உட்கார்ந்தால் மனுஷனுக்கே மண்டை காயும். போன் சூடாவதில் என்ன அதிசயம்?

ஒன்பதாம் வகுப்பு முடித்திருந்த என் மகனுக்கு பிஜிஎம்ஐ விளையாட்டில் அப்படி ஒரு பைத்தியம். நாலு பேர் ஒரு அணியாகக் குதித்து, தீவு முழுக்க ஓடிச் சண்டை போடும் விளையாட்டு. போன் சூடானால் மண்பானையில் சாய்த்து வைப்பான். ஒருநாள் ஃப்ரிட்ஜைத் திறந்தால், தக்காளிக்கும் தயிருக்கும் நடுவில் போன் படுத்திருக்கிறது! அன்றைக்கு நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்துவிட்டார்.

அந்த வாரம்தான் மதுரையில் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் படிக்கும் என் நாத்தனார் மகன் ஊருக்கு வந்தான்.

"அத்தை, புது போனெல்லாம் வேண்டாம். செட்டிங்ஸைக் கொஞ்சம் மாத்துனா இதே போன் ஓடும்" என்று திண்ணையில் உட்கார்ந்தான். நானும் காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

கேம் என்பது ஓடும் படம். 60 பிரேம் என்று வைத்தால், ஒரு நொடிக்கு 60 படங்களை போன் வரைய வேண்டும். ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 17 மில்லி செகண்ட்தான். 30 பிரேம் என்றால் 33 மில்லி செகண்ட். அதற்குள் புல், நிழல், தண்ணீரின் பளபளப்பு என எல்லாவற்றையும் வரையச் சொன்னால் போனுக்கு மூச்சு வாங்கும். சூடு எல்லை மீறினால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள போனின் சிப் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுதான் திக்குகிறது.

என் மகன் கிராபிக்ஸ், பிரேம் ரேட் இரண்டையும் அந்த போன் அனுமதிக்கும் உச்சத்தில் வைத்திருந்தான். மருமகன் கிராபிக்ஸை 'ஸ்மூத்'துக்கு இறக்கினான். நிழலை அணைத்தான். ஓரங்களை மழமழப்பாக்கிக் காட்டும் ஆன்டி-அலியாசிங்கையும் அணைத்தான். பிரேம் ரேட்டை, போனால் கடைசிவரை தாக்குப்பிடிக்க முடிகிற அளவுக்குக் கொண்டுவந்தான்.

"ரெண்டு நிமிஷம் 60 ஓடி அப்புறம் 20-க்கு விழுறதைவிட, அரை மணி நேரம் ஒரே சீரா 40 ஓடினா கண்ணுக்கு நல்லாருக்கும்டா" என்றான்.

பிறகு கட்டளைகள். சார்ஜ் போட்டுக்கொண்டே விளையாடாதே. விளையாடும்போது தடிமனான கவரைக் கழற்று. வெளிச்சத்தைக் குறை. பின்னால் ஓடும் ஆப்களை மூடு. ஸ்டோரேஜில் கொஞ்சம் இடம் காலியாக வை. ஃப்ரிட்ஜில் வைக்கவே வைக்காதே, வெளியே எடுக்கும்போது உள்ளே ஈரம் பூக்கும்.

இன்னொன்றும் சொன்னான். "உன் கேமரா திரும்புறதே திக்கினா அது போன் கோளாறு. நீ நல்லா ஓடுற, மத்தவங்க மட்டும் இங்கேருந்து அங்கே தாவுறாங்கன்னா அது நெட்வொர்க். நெட்வொர்க் கோளாறுக்கு கிராபிக்ஸைக் குறைச்சுப் பிரயோஜனம் இல்லை."

"மச்சான், எல்லாத்தையும் குறைச்சா படம் மொட்டையா இருக்கே" என்று முகம் சுளித்தான் மகன்.

"நம்ம நடராஜரையே வருஷத்துல ஒருநாள்தான் ஹெச்டியில பாக்குறோம். மத்த நாளெல்லாம் சந்தனக் காப்புதானே?"

தலையில் ஒரு குட்டு வைத்தேன். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கோயிலில் இருப்பவர் ஆளுயர மரகத நடராஜர். ஆண்டு முழுவதும் சந்தனம் பூசியே இருப்பார். மார்கழித் திருவாதிரையை ஒட்டி மட்டும் சந்தனத்தைக் களைந்து மரகதத் திருமேனியைக் காட்டுவார்கள். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். மரகதம் மென்மையானது, மேளச் சத்தத்தின் அதிர்வுகூட ஆகாது என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள்.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரே அணியில் விளையாடினார்கள். போன் திக்கவில்லை. புது போன் செலவு மிச்சம் என்று நான் நிம்மதியாக உலை வைத்தேன். திண்ணையிலிருந்து மருமகனின் குரல் உயர்ந்தது.

"ஆரஞ்சு மார்க்குக்கு வாடா! ஆரஞ்சுடா! ஏன் பச்சைக்குப் போற?"

அந்த விளையாட்டில் அணியில் உள்ள நாலு பேருக்கும் மஞ்சள், ஆரஞ்சு, நீலம், பச்சை என்று ஆளுக்கொரு நிறம். மூன்று முறை இதே கூத்து. நான்காவது முறை மருமகன் போனைக் கீழே வைத்தான். அடுப்படி வாசலில் தொங்கிய என் பச்சைச் சேலையைக் காட்டி, "இது என்ன நிறம்?" என்றான்.

மகன் ஒரு நொடி தயங்கினான். "அரக்கு?" என்றான், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

எனக்குக் கை நின்றுவிட்டது. மூன்றாம் வகுப்பில் அவன் மரம் வரைந்து, இலைக்கெல்லாம் பழுப்பு நிறம் அடித்து வந்தது நினைவுக்கு வந்தது. "கவனமே கிடையாது" என்று முதுகில் ஒன்று வைத்தேன். அதற்குப் பிறகு கிரேயான் பென்சிலில் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துவிட்டுத்தான் நிறம் தீட்டியிருக்கிறான். கேமில்கூட, பக்கத்தில் போய் எண்ணைப் பார்த்துத்தான் யார் எவர் என்று கண்டுபிடித்திருக்கிறான். அத்தனை நாளும் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று அவனுக்கே தெரியவில்லை.

மருமகன் போனின் செட்டிங்ஸில் 'ஆக்சஸிபிலிட்டி' என்ற பகுதிக்குப் போனான். அதில் 'கலர் கரெக்‌ஷன்' என்று ஒன்று இருக்கிறது. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இது உண்டு. ஐபோனில் 'கலர் ஃபில்டர்ஸ்' என்று இருக்கும். சிவப்பு-பச்சைக் குழப்பத்துக்கு இரண்டு வகை, நீலம்-மஞ்சளுக்கு ஒரு வகை. முதல் வகையைத் தட்டியதும் மகன் திரையை முகத்துக்கு அருகே கொண்டுபோனான்.

"மச்சான்... ரெண்டும் வேற வேறயா இருக்கு."

மறுவாரம் ராமநாதபுரத்தில் ஒரு கண் மருத்துவரிடம் போனோம். வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைப் புரட்டினார். இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917-ல் வெளியிட்ட சோதனை அது. ஒரு பக்கத்தில் எனக்கு 74 என்று தெரிந்தது. என் மகன் சந்தேகமே இல்லாமல் "21" என்றான்.

சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு. பிறவியிலேயே வருவது, நோய் இல்லை, கூடவும் கூடாது. மருந்தும் இல்லை. போனில் உள்ள செட்டிங் இதைக் குணமாக்காது என்பதையும் மருத்துவர் தெளிவாகச் சொன்னார். கண்ணுக்குக் குழப்பமான நிறங்களை, பிரித்தறிய முடிகிற வேறு நிறங்களாக மாற்றிக் காட்டும், அவ்வளவுதான். ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8 சதவீதம் பேருக்கு இது இருக்கிறதாம். பெண்களில் அரை சதவீதம்தான்.

"என்ன ஆகணும்னு ஆசை?" என்று மருத்துவர் கேட்டார். நான் பயந்துகொண்டிருந்த கேள்வி.

"லோகோ பைலட்."

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து அதே பேச்சுதான். நடுவில் உள்ள பகுதி அப்படியே மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுவதை எத்தனை முறை பார்த்திருப்பானோ. அந்தப் பாலத்தில் ரயில் ஓட்ட வேண்டும் என்பான்.

மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. ரயில் ஓட்டுநர் வேலைக்கு நிறப்பார்வை கட்டாயம், இந்தக் கண்ணோடு அதில் தேற முடியாது என்றார். 1875-ல் சுவீடனில் லாகர்லுண்டா என்ற இடத்தில் இரண்டு ரயில்கள் மோதிக்கொண்டனவாம். அதற்குப் பிறகு ஹோல்ம்கிரன் என்ற பேராசிரியர், வண்ண நூல்கண்டுகளைக் கொடுத்து ரயில் ஊழியர்களின் கண்ணைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தார். சிவப்பு விளக்குக்கும் பச்சை விளக்குக்கும் பின்னால் ஆயிரம் உயிர் இருக்கிறது. ரயில்வேயிலேயே நிறப்பார்வை தேவைப்படாத வேலைகளும் உண்டு என்று எழுதிக் கொடுத்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான்கு நாள் கேம்கூட விளையாடவில்லை. போனை நானே எடுத்துக் கொடுத்துப் பார்த்தேன். வேண்டாம் என்றுவிட்டான்.

ஐந்தாவது நாள் அவனே கேட்டான். "இது எங்கிருந்தும்மா வந்துச்சு?"

மருத்துவர் சொன்னதை எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன். இது எக்ஸ் குரோமோசோமில் வருவது. ஆணுக்கு எக்ஸ் ஒன்றுதான், அது அம்மாவிடமிருந்து வருகிறது. பெண்ணுக்கு இரண்டு. ஒன்றில் குறை இருந்தாலும் பெரும்பாலும் மற்றொன்று சமாளித்துவிடும். அப்பாவுக்கு இந்தக் குறை இருந்தால் மகள் கட்டாயம் அதைச் சுமப்பாள். அவளுடைய மகனுக்கு அது வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினேன். அப்பாவுக்கு இருந்தால். என் அப்பாவுக்கு.

எங்கள் பக்கத்து முண்டு மிளகாய் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 2023-ல் ராமநாதபுரம் பெயரில் புவிசார் குறியீடு வாங்கிய மிளகாய். நன்றாகச் சிவந்த பழத்தைத்தான் பறிக்க வேண்டும். பச்சையாகப் பறித்தால் காயும்போது வெளுத்துவிடும், விலை போகாது. அப்பா பழம் எடுக்கப் போனால் பச்சைக்காயும் சேர்ந்தே வரும். "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? நிதானமே இல்லாத மனுஷன்" என்று அம்மா சாகும்வரை திட்டினாள். நாங்கள் பிள்ளைகளும் சேர்ந்து சிரித்திருக்கிறோம். பிற்காலத்தில் அப்பா ஒவ்வொரு காயாக விரலால் அமுக்கிப் பார்த்துப் பறிப்பார். அதுவும் எங்களுக்குக் கேலிதான். கடைசியில் பழம் எடுக்கும் வேலையையே விட்டுவிட்டு, மூட்டை தூக்குவது மட்டும் தன் வேலை என்று வைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டுக்குப் போனோம். கொல்லையில் வீட்டுச் செலவுக்கு நாலைந்து மிளகாய்ச் செடி நிற்கும். மகன் போனில் கலர் கரெக்‌ஷனைப் போட்டான். அந்த செட்டிங் கேமுக்கு மட்டுமல்ல, திரையில் தெரியும் எல்லாவற்றுக்கும் பொருந்தும். கேமராவைத் திறந்து செடிக்கு நேரே பிடித்துத் தாத்தா கையில் கொடுத்தான்.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார். போனை இறக்கிச் செடியைப் பார்த்தார். மறுபடி போனைப் பார்த்தார்.

"இம்புட்டுப் பழமாடா நிக்குது?"

"உங்களுக்கும் எனக்கும் கண்ணு ஒரே மாதிரி தாத்தா. நமக்குப் பழமும் இலையும் ஒண்ணு போலத் தெரியும். நிதானம் இல்லாம இல்ல."

அப்பா வெகுநேரம் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு செடியாகப் போய்ப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒங்க அம்மாச்சி இருந்திருக்கணும்டா."

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காபி போட உள்ளே போய்விட்டேன். வெளியே வந்தபோது இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். தாத்தாவுக்கு பிஜிஎம்ஐ காட்டிக்கொண்டிருந்தான் பேரன். ஐந்து நாள் கழித்து அன்றுதான் அவன் கேமைத் திறந்தான்.

இதை எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். உங்கள் வீட்டுப் பிள்ளை இலைக்குப் பழுப்பு அடித்தால், சிவப்புச் சட்டை கேட்டால் வேறொன்றை எடுத்து வந்தால், கேமில் நிறத்தைக் குழப்பினால், திட்டுவதற்கு முன் ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டுங்கள். சில நிமிடச் சோதனைதான். பத்தாம் வகுப்பு முடித்து, என்ன படிக்கலாம் என்று முடிவெடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

மகன் இப்போது பத்தாம் வகுப்பு. தினம் ஒரு மணி நேரம்தான் கேம். லோகோ பைலட் பேச்சை எடுப்பதில்லை. பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி எப்படி எழும்புகிறது, எடையை எது சமன் செய்கிறது என்று மச்சானிடம் போனில் கேட்டுக்கொண்டிருந்ததை ஒருநாள் கேட்டேன். நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

மார்கழித் திருவாதிரைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனோம். வரிசையில் வெகுநேரம் நின்று, நெரிசலில் சில நொடிகள் தரிசனம். ஒவ்வொரு வருஷமும் சன்னதியில் இவர்கள் இருவரையும் பிடித்துத் திருப்பி, "எப்படிப் பச்சையா ஜொலிக்கிறார் பாருங்க!" என்று சொல்வேன். இருவரும் "ஆமா, ஆமா" என்பார்கள். இந்த முறை வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து இலந்தை மரத்தடியில் நின்றபோது கேட்டேன். "தம்பி, உனக்கு எப்படித் தெரிஞ்சார்?"

அவன் தாத்தாவைப் பார்த்தான். தாத்தா, நீயே சொல் என்பதுபோல் தலையாட்டினார்.

"நிறம் சரியா சொல்லத் தெரியலம்மா. தீபம் காட்டுனப்ப உள்ளுக்குள்ள தண்ணி அசையுற மாதிரி இருந்துச்சு."

எனக்கு அப்படித் தெரியவில்லை. பச்சையைப் பார்த்ததில் நான் அதைக் கவனிக்கவே இல்லை.