ஒலி பிரியுமிடம்

தமிழிலக்கியம் பயிலும் மாணவனுக்கும் ஒலிபெருக்கிப் பெட்டிக்கும் என்ன உறவு என்று நம் கலாசாலை நண்பர் பலர் நகைத்ததுண்டு. நன்னூலை ஏந்த வேண்டிய கையில் செப்புக் கம்பிச் சுருளை ஏந்தித் திரிகின்றானே என்றார் ஒருவர். அவர்கட்கு விடை கூறவும், யான் செய்த பிழையொன்றை ஒப்புக்கொள்ளவும் இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் இல்லம் மேலப்பாளையத்தில் உள்ளது. தாத்தாவுக்கு வயது எண்பத்து நான்கு. தொடக்கப்பள்ளி ஆசிரியையாயிருந்த ஆச்சி கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஆண்டுகள் ஆறு கழிந்தன. அவர் குரல் ஓர் ஒலிநாடாவில் மட்டுமே எஞ்சியுள்ளது. 1994ஆம் ஆண்டில் குடும்ப ஜெபத்தைப் பதிவு செய்த தாத்தா, ஜெபம் முடிந்ததும் கருவியை நிறுத்த மறந்துவிட்டார். ஆதலின், “மழை வருது, கொடியில கிடக்கிற துணியை எடுங்க” என்று ஆச்சி அடுக்களையிலிருந்து கூவுவதும் அந்நாடாவில் பதிந்துவிட்டது. தாத்தா அடிக்கடி கேட்க விரும்புவது அவ்வொரு வாக்கியத்தையே. ஆனால் முதுமையில் செவி முதலில் இழப்பது மேலொலிகளை. கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் ஆச்சி பேசுவது அவருக்கு விளங்கவில்லை. எனவே மூன்று ஒலிபெருக்கிகள் கொண்ட பெட்டி ஒன்றை யானே செய்யத் தலைப்பட்டேன்.

நம் பண்டை இசைநூலோர் ஒலியை மெலிவு, சமன், வலிவு என மூன்றாக வகுத்தனர். இப்பெட்டியின் அமைப்பும் அதனை ஒத்ததே. கீழொலிக்கு மிகுந்த காற்றைத் தள்ளவல்ல பெரிய வூபர் வேண்டும். மேலொலிக்கு விரைந்து அதிரும் சிறிய ட்வீட்டர் வேண்டும். இடையொலிக்கு மிட்ரேஞ்ச் வேண்டும். பழவூர் அணைக்கட்டு தாமிரவருணி நீரைப் பாளையங்கால்வாயில் திருப்புவதுபோல, வரும் மின்னோட்டத்தை இம்மூன்றுக்கும் பகிர்ந்தளிப்பது கிராஸ்ஓவர் என்னும் பகுதி. அதிலுள்ள காயில் கீழொலியை விடுத்து மேலொலியைத் தடுக்கும். கண்டென்சரோ அதற்கு நேர்மாறாகச் செய்யும்.

எனினும் ஒலியின் எல்லை வாய்க்காற் கரைபோல் திட்டமாய் அமைவதன்று. எல்லையின் இருமருங்கும் சிறிது தூரம் இரு ஒலிபெருக்கிகளும் ஒருங்கே பேசும். நிலைமொழியின் ஈறும் வருமொழியின் முதலும் சந்திக்குமிடம் போன்றது அது. அவ்விடத்தை எங்கே வைப்பது என்பதே இக்கலையின் தலையாய வினா.

யான் அதனை வினாவாகவே கருதவில்லை. 500 ஹெர்ட்ஸ், 2000 ஹெர்ட்ஸ் என்னும் முழு எண்கள் கண்ணுக்கு அழகாயிருந்தன. அவற்றையே எல்லைகளாகக் கொண்டேன். பெட்டி முடிந்த மாலையில் தாத்தாவை நாற்காலியில் அமர்த்தி ஆச்சியின் குரலை ஒலிக்கச் செய்தேன். அவர் தலை சாய்த்து மும்முறை கேட்டார். பின்னர், “உம் பெட்டியில மழையே இல்லையே, ஐயா” என்றார். யானும் உற்றுக் கேட்டேன். ‘மழை’ என்னும் சொல்லில் ழகரம் தேய்ந்து, மலையோ மயையோ என ஐயுறுமாறு இருந்தது. ஆச்சியின் நாவில் திருத்தமாய் ஒலித்த எழுத்து என் பெட்டியிற் கெட்டது. தமிழ் மாணவனுக்கு இதனினும் நாணம் வேறுண்டோ!

மறுநாள் கடைத்தெருவில் வானொலி பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் பெட்டியைக் கொண்டு சென்றேன். ஊரார் அவரைப் பாய் என்றே அழைப்பர். அவர் பின்பலகையைக் கழற்றிப் பார்த்து, “தம்பி, மிட்ரேஞ்சுக் கம்பி ரெண்டையும் மாத்திக் கட்டுங்க” என்றார். கட்டியதும் பாதிக் குறை நீங்கிற்று. ஒவ்வோர் எல்லையிலும் ஒரு காயிலும் ஒரு கண்டென்சருமாக யான் அமைத்திருந்த முறையில், எல்லைக்குரிய ஒலியில் ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்குமாம். இரண்டும் ஒன்றையொன்று அழித்து அங்கே பள்ளம் விழும். அப்பள்ளங்களுள் ஒன்று 2000 ஹெர்ட்ஸில் விழுந்தது. ல, ள, ழ என்னும் மூன்றையும் செவி பிரித்தறிவது பெரிதும் ஆயிரம் முதல் மூவாயிரம் ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியைக் கொண்டே.

“கம்பியை மாத்தினது மருந்துதான், நோய் வேற இடத்துல இருக்கு” என்று பாய் மேலும் விளக்கினார். அவர் கூறியவற்றைக் கணக்கிட்டுப் பார்த்தேன். என் ட்வீட்டரின் இயல்பதிர்வு 1200 ஹெர்ட்ஸ். அதன் இருமடங்காகிய 2400க்குக் கீழே அதனைப் பாடச் செய்தால் அது திணறும். மேலும், ஒலியலையின் நீளம் கூம்பின் விட்டத்தளவு குறுகுமிடத்தில் ஒலி பக்கங்களிற் பரவாது முன்னோக்கிக் குவியத் தொடங்கும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வது. 20 சென்டிமீட்டர் கூம்புடைய வூபருக்கு அவ்விடம் சுமார் 1700 ஹெர்ட்ஸ். எட்டரை சென்டிமீட்டர் மிட்ரேஞ்சுக்குச் சுமார் 4000. இவ்வரம்புகளுக்குள்ளே, பேச்சை இயன்றவரை வெட்டாத இடத்தைத் தேடவேண்டும். தொலைபேசியில் நெடுங்காலம் 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையே அனுப்பினர். சொல் விளங்க அது போதியதாயிருந்தது. ஆகவே அப்பகுதி முழுவதையும் மிட்ரேஞ்ச் ஒன்றே பேசுதல் நலம்.

மேலெல்லையை 3500க்கு உயர்த்தினேன். 1976ஆம் ஆண்டில் லிங்க்விட்ஸ் வெளியிட்ட கட்டுரையை ஒட்டி, லிங்க்விட்ஸ்–ரைலி என வழங்கும் முறைப்படி 8 ஓம் ஒலிபெருக்கிக்கு 2.84 மைக்ரோபாரட் கண்டென்சரும் 0.73 மில்லிஹென்றி காயிலும் வேண்டியிருந்தன. கீழெல்லையை 300இல் வைக்கவே விரும்பினேன். ஆனால் அதற்கு 8.5 மில்லிஹென்றி காயில் வேண்டும். செம்பின் விலையோ என் கைப்பொருளுக்கு எட்டவில்லை. 6.4 மில்லிஹென்றியோடு 400இல் நின்றேன். எண்கள் அழகாயிரா என்பதையும் வறுமையும் ஒரு வாத்தியார் என்பதையும் அன்று அறிந்தேன்.

செவ்வாய்க்கிழமைச் சந்தை இரைச்சல் ஓய்ந்த ஒரு மாலையில் மீண்டும் ஒலிநாடாவைக் கேட்டோம். ட்வீட்டரின் நுண்ணொலியில் பெரும்பகுதி தாத்தாவின் செவிக்கு எட்டியிராது. அவருக்கு வேண்டியதோ நடுவில் முறியாத ஒரு குரல். “மழை வருது” என்று ஆச்சி கூவினார். தாத்தா ஒன்றும் பேசாமல் எழுந்து, கோலூன்றி முற்றத்துக்குச் சென்று கொடியைப் பார்த்தார். வானம் தெளிந்திருந்தது. கொடியில் என் சட்டை ஒன்றுதான் கிடந்தது. அதை எடுத்து மடித்து என் கையில் தந்துவிட்டு, “இன்னொரு தரம் போடு” என்றார்.

எதையேனும் பிரிக்கப் புகுவோர், எங்கே பிரித்தல் எளிது என்று பாராமல், எதைப் பிரித்தல் தகாது என்று முதலில் பார்த்தல் வேண்டும். நண்பர்காள், யான் கற்ற பாடம் இவ்வளவே.