அட்டைக் கூரையும் கல்நாரும்

அமெரிக்காவுல பழைய வீடு வாங்கறவங்களுக்கு ஒரு தலைவலி உண்டு. சீலிங் முழுக்க பொரியை ஒட்டி வச்ச மாதிரி சொரசொரன்னு இருக்கும். பேரே பாப்கார்ன் சீலிங்தான். அந்தக் கலவைல நிறைய இடத்துல ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தாங்க. 1978ல அப்படி அடிக்கறதுக்கு அங்க தடை வந்துருச்சு. இப்பவும் அதைச் சுரண்டணும்னா முதல்ல ஒரு துணுக்கு எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க. இருக்குன்னு தெரிஞ்சா, விண்வெளிக்குப் போற மாதிரி உடுப்பு மாட்டின ஆளுங்க வந்து எடுப்பாங்க.

உடுமலைல நான் பார்த்த வரைக்கும் எந்த வீட்லயும் பாப்கார்ன் சீலிங் இல்லீங்க. நமக்கு மொத்தக் கூரையே அதுதான் :-)

தறி குடோன், கோழிப் பண்ணை, லைன் வீடு, மாட்டுக் கொட்டகைன்னு எங்க பார்த்தாலும் சிமெண்ட் அட்டை. அதுல சுமார் பத்துல ஒரு பங்கு கல்நார், மீதி பெரும்பாலும் சிமெண்ட். கல்நார்ங்கறது பாறைக்குள்ள இருந்து வர்ற நார். நூல் ஊர்க்காரங்களுக்குப் புரியற மாதிரி சொன்னா, நூலா நூற்கவே முடியற கல்லு. நெருப்புல எரியாது, மழைல அழுகாது, விலையும் கம்மி. அதான் உலகமே அதைக் கொண்டாடிச்சு. ஆனா அந்த நார் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு உடைஞ்சு காத்துல கலக்கும். நுரையீரலுக்குள்ள போனா திரும்பி வராது. நுரையீரல் புத்துநோய், நுரையீரலைச் சுத்தி இருக்கற சவ்வுல வர்ற மீசோதீலியோமா, எல்லாத்துக்கும் அது காரணம்னு உலக சுகாதார நிறுவனம் தெளிவா சொல்லியிருக்கு. எல்லா வகைக் கல்நாரும் அப்படித்தானாம், வெள்ளைக் கல்நார் உட்பட.

எங்க வீட்டுப் பின்கட்டுல முன்ன தறி ஓடிச்சு. இப்ப அது சமையல் ரூம், அப்பத்தா படுக்கறதும் அங்கதான். மேல இருக்கற அட்டை எல்லாம் 1980கள்ல போட்டது. போன ஆடிக் காத்துல ரெண்டு அட்டை விரிசல் விட்டு ஒழுக ஆரம்பிச்சுது. ஷீட் வேலை பார்க்கற அண்ணன் வந்தார். சம்மட்டில நாலு போடு போட்டு ரெண்டையும் இறக்கிடலாம், அப்படியே பக்கத்து அட்டைல கட்டிங் மிஷின் வச்சு புகை போக ஓட்டை போட்டுடலாம்னார். பெரியப்பாவும் தலையாட்டிட்டார்.

எனக்கு வயித்தைக் கலக்குச்சு. கூரைல முழுசா, அசையாம கிடக்கற அட்டை பெரிய எமன் இல்லீங்க. சிமெண்ட் அந்த நாரைப் பிடிச்சு வச்சிருக்கும். அறுக்கறப்ப, உடைக்கறப்ப, தேய்க்கறப்பதான் விட்டுடும். கட்டிங் மிஷின்ல அறுத்தா கிளம்புமே ஒரு வெள்ளைப் புகை, அதுதான் ஆளைக் கொல்றது. நம்ம அட்டைல கல்நார் இருக்கா இல்லையான்னு பார்வைல சொல்ல முடியாது. கல்நார் இல்லாத அட்டையும் இப்ப கடைல கிடைக்குது. ஆனா அந்தக் காலத்து அட்டைன்னா இருக்குன்னு வச்சுக்கறதுதான் புத்திசாலித்தனம்.

"இருவது வருசமா அறுத்துட்டுத்தான் இருக்கறேன் கண்ணு, எனக்கு ஒண்ணும் ஆகலையே"ன்னார் அண்ணன். பிரச்சனையே அந்தக் கணக்குலதான் இருக்கு. இந்த நோய் வெளிய தெரியறதுக்கு 20ல இருந்து 40 வருஷம் வரைக்கும் ஆகும். அவர் கூட வந்த பையனுக்கு என் வயசுதான் இருக்கும். மூஞ்சில ஒரு துண்டு, அவ்வளவுதான். துண்டு வழியா அந்த நார் சும்மா நுழைஞ்சு போயிடும்.

ஒரு மணி நேரம் பேசினதுல ஒரு வழியா ஒத்துக்கிட்டாங்க. புகைக்கு செங்கல் சுவத்துல ஓட்டை போட்டு ஃபேன் மாட்டியாச்சு. ரெண்டு அட்டையையும் சோப்புத் தண்ணி தெளிச்சு நல்லா நனைச்சோம். துருப்பிடிச்ச ஜே போல்ட்டை அடியில, கொக்கி பக்கமா ஆக்சா பிளேடு வச்சு அறுத்தாங்க. அட்டை மேல பிளேடு படவே இல்ல. ஏறி நிக்கறதுக்குப் பலகை போட்டாச்சு. (பழைய அட்டை மேல நேரா கால் வச்சு உடைஞ்சு விழுந்து செத்தவங்க உண்டு. புத்துநோய்க்கு முன்னாடி இதைக் கவனிக்கணும்.) முழுசா இறக்கி கெட்டியான பாலிதீன்ல சுத்தினோம். தரையை விளக்குமாறு வச்சுக் கூட்டாம ஈரத்துணில துடைச்சோம். அப்பத்தா அன்னிக்கு அத்தை வீட்ல. மீதி அட்டைகள்ல இருக்கற பாசியைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காம, அப்படியே மேல வெள்ளைப் பெயிண்ட் அடிக்கறதா இருக்கோம். சித்திரை வெயிலுக்கும் ஆச்சு.

இந்தியாவுல கல்நார் தோண்டறது நின்னு போச்சு, ஆனா ரஷ்யா மாதிரி நாடுகள்ல இருந்து வாங்கி அட்டை போடறது நிக்கல. 50க்கும் மேல நாடுகள் தடை பண்ணியாச்சு. அமெரிக்கா கூட வெள்ளைக் கல்நாரை 2024லதான் தடை பண்ணுச்சு. இங்க சுப்ரீம் கோர்ட் 1995லயே கல்நார் தொழிலாளர்களோட உடம்பைக் காப்பாத்தறது அவங்க வாழற உரிமையில சேர்த்தின்னு தீர்ப்பு சொல்லி, நோய் வந்தவங்களுக்கு நஷ்ட ஈடும் கொடுக்கச் சொல்லுச்சு. முழுத் தடை கேட்டுப் போன வழக்கை 2011ல தள்ளுபடி பண்ணிருச்சு. தீர்ப்பு சொன்ன பாதுகாப்பெல்லாம் ஃபாக்டரி வாசலோட சரி. கூரை மேல ஏறி அறுக்கற பையன் எந்த ஃபாக்டரி ரெஜிஸ்டர்லயும் இல்ல.

இப்ப கிணத்துக்குப் பின்னாடி அந்த ரெண்டு அட்டையும் சுத்தின மேனிக்கே கிடக்கு. குப்பை வண்டி அண்ணன் ஏத்த மாட்டேன்னுட்டார். உடைச்சுப் பாதைக் குழில போட்டுடுங்கன்னு பக்கத்து வீட்ல யோசனை சொன்னாங்க. டிராக்டர் தினம் அதை மாவா அரைக்கறதுக்கா? ஆபத்தான கழிவுகளைப் புதைக்கற இடம் கும்மிடிப்பூண்டில இருக்கு. இங்கிருந்து 500 கிலோமீட்டருக்கு மேல. ரெண்டு அட்டைக்கு யாரு லாரி பிடிப்பா? அப்பத்தா வேற, விறகு நனையுது, அதை எடுத்து மூடக் கூடாதான்னு தினம் கேக்கறாங்க.

உங்க ஊர்ல கழட்டின அட்டையை எங்கதாங்க போடறாங்க?